அரையிஞ்ச் மாஸ்டர் கோழியடக்கு படலம்

வாழ்க! ஊசிமுனையால் உலகளந்தோன் வாழ்க! கத்தரிக்கோல் ஏந்திய கரத்தினன், இன்ச் டேப்பை ஆரமாக அணிந்த மார்பினன், குண்டூசி ஒன்பதை உதட்டிடை அடக்கிக்கொண்டே தெருவம்பு முழுவதையும் பேசவல்ல வாயினன், மூச்சு விட முடியாத சட்டையோடு கண்ணாடிமுன் நின்று கலங்குவோர் அனைவருக்கும் "அரை இன்ச் உள்ள விட்டுத்தான் தச்சிருக்கேன், எப்ப வேணும்னாலும் பிரிச்சுக்கலாம்" என்று ஆறுதல்மொழி அருளியே அரையிஞ்ச் மாஸ்டர் என்னும் பெயர் பெற்ற பெருந்தகை வாழ்க! அவர் தம் வீட்டுப் பின்முற்றத்தில் பகைமுடித்த வரலாற்றைப் பாடப் புகுந்தேன். தையல் மெஷினின் எண்ணெய்ப் புட்டியே, நின் நெடுமூக்கை என் நாவின் பல்சக்கரங்களுக்கிடையிலும் நீட்டி ஒரு சொட்டு விடு. பாதி வாக்கியத்தில் நூல் அறுந்துவிடாமல் காத்தருள்.

காவியமென்றால் முதலில் நாட்டுச் சிறப்பும் நகரச் சிறப்பும் பாடவேண்டுமாம். பாடிவிடுவோம். நாடு என்பது மாஸ்டர் வீட்டின் முன்னறை. அங்கே மாஸ்டருக்கு ஒரு மெஷின், அவர் தைத்ததற்கெல்லாம் காஜா எடுத்துப் பட்டன் கட்டும் அவர் மனைவிக்கு ஒரு மெஷின், நடுவே வெட்டுத்துணி மலை. நகரம் என்பது பின்முற்றம். ஆளுயரக் கண்ணாடி முன்னறைக்குள் நுழைய மறுத்துவிட்டபடியால் முற்றத்துச் சுவரிலே பதிக்கப்பட்டது. ஆகவே தைத்த துணியைப் போட்டுப்பார்க்க வருவோர் யாவரும், வங்கி மேலாளராயினும் வாடகைக்கார் ஓட்டுநராயினும், முற்றத்துக்கு வந்தே தீரவேண்டும். கண்ணாடியின் முன் ஒரு மரப்பலகை. அதன்மேல் அவர்கள் ஏறி நிற்க, மாஸ்டர் கீழே மண்டியிட்டு, கால்சட்டையின் கீழ்மடிப்பு எங்கே வரவேண்டுமென்று கோடு கிழிப்பார். அந்தப் பலகையிலிருந்து ஒரு கோழி பாய்ந்து வரக்கூடிய தொலைவில் ஒரு கோழிக்கூண்டு. புவியியல் இவ்வளவே.

இனிப் பகையைப் பாடுவோம். கூண்டின் தலைவி, செம்பொன் இறகினள், ஒருபுறம் சாய்ந்த கொண்டையினள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொழிற்கூடத்தைச் சுற்றிவரும் மேற்பார்வையாளர்போல் இறக்கைகளை இறுக்கிக்கொண்டு முற்றத்தை வலம்வருபவள். அந்நடையாலேயே சூப்பர்வைசரம்மா என்று அழைக்கப்பட்டவள். அவளுக்கு இடப்பக்கம் ஒரு கறுப்பி, வலப்பக்கம் ஒரு வெள்ளச்சி. இவ்விருவருக்கும் சொந்தமாக ஒரு கருத்தும் கிடையாது. தலைவி ஓடினால் ஓடுவார்கள், தலைவி கொத்தினால் கொத்துவார்கள். எந்த அலுவலகத்திலும் காணக் கிடைப்பவர்களே.

இந்தக் கொடும்பகையை ஊட்டி வளர்த்தவர் யார்? மாஸ்டரேதான். குஞ்சாக வந்த அடைமழைக் காலத்தில், கோட்டுத் தோளுக்கு வைக்கும் பஞ்சுத்திண்டு ஒன்றைப் பட்டன் டப்பா மூடியில் விரித்து, இஸ்திரிப் பெட்டியின் இளஞ்சூட்டருகே அவளைத் துயிலவைத்தவர் அவர். மாஸ்டர் மெஷினை மிதிக்க மிதிக்க, அவருடைய புறங்காலின்மேல் அமர்ந்து ஊஞ்சலாடியே அவள் வளர்ந்தாள். பிற்காலத்தில் எத்தனை போர்கள் மூண்டபோதிலும் அந்த மூடியில் மாஸ்டர் பட்டன் போடவில்லை. கேட்டால், "மூடி வளைஞ்சுபோச்சு" என்பார். அது வளையவில்லை.

இடையே ஒரு சிறுசெய்தி. கதைக்கு இது தேவையில்லை. காவியம் சற்று நீளவேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன். மாஸ்டர் பல்லாண்டுகளாகத் தேய்ந்த குளியல் சோப்புத் துண்டுகளைக் கொண்டே துணியில் கோடு கிழித்துவந்தார். நாளடைவில் தேயாத சோப்புகளும் தேய்ந்தவையாகக் கருதப்படலாயின. தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்ட பிறகு சோப்பைத் தேடித் துழாவிய மனைவி, ஈரம் சொட்டச்சொட்ட வெளிவந்து பிறப்பித்த ஆணை பின்வருமாறு:

"என்னங்க, இந்த வீட்ல சோப்பு குளிக்கறதுக்கா, கோடு போடறதுக்கா? இனிமே சோப்ப வெட்ட அந்தப் பக்கம் கத்தரியோட வந்தீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்!"

அன்று முதல் மாஸ்டர் கரும்பலகையில் எழுதும் சாக்பீஸுக்கு மாறினார். பண்டை மன்னர் ஆநிரை கவர வெட்சியும் களம்புக்குப் பொருதத் தும்பையும் சூடினர் என்ப. நம் மாஸ்டரோ எல்லாப் போருக்கும் பொதுவாக, வலக்காதிலே ஒரு வெள்ளைச் சாக்பீஸ் சூடினார்.

அக்காலத்தில்தான் சூப்பர்வைசரம்மாவின் அட்டூழியம் தொடங்கியது. முதற்பலி ஒரு வங்கிக் காசாளர். மாஸ்டர் கோடு கிழித்து எழுந்த அக்கணமே, முற்றத்து மூலையிலிருந்து சிவந்த மின்னலொன்று பாய்ந்து, அவர் கணுக்காலில் இறங்கியது. அவர் பலகையிலிருந்து எழும்பிய உயரத்தைக் கண்டு மாஸ்டர் கால்சட்டையின் தொடைப்பகுதியில் இன்னும் கொஞ்சம் இடம் விடவேண்டுமென்று குறித்துக்கொண்டார். இரண்டாம் பலி கார் ஓட்டப் பழக்குபவர். கால்களால் பிரேக்கையும் கிளட்ச்சையும் தேடித்தேடி மிதித்துப்பார்த்தும் கோழி நிற்கவில்லை. மூன்றாமவர் பல் மருத்துவர். பிறர் அலறக் கேட்டே பழகிய அவர், அன்று தாமே அலறி, அதில் தாம் நல்ல தேர்ச்சியுடையவர் என்று கண்டார்.

"ஏன் மாஸ்டர், பேன்ட்டு குட்டையாக்கச் சொன்னா காலையே குட்டையாக்கி அனுப்புவீங்கபோல இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பவும் வந்தார்களில்லை. அதுமட்டுமா? சூப்பர்வைசரம்மா இடும் முட்டைகளும் தொட்டாலே நொறுங்கும்படி மெலிந்தன. கூண்டிலிருந்து எடுத்துவருவதற்குள் மனைவியின் விரல் உள்ளே போயிற்று. "பாத்தியா, முட்டைகூட அலட்சியமாத்தான் போடறா. எல்லாம் திமிரு!" என்று மாஸ்டர் தீர்ப்பளித்தார்.

திமிரை அடக்கும் சாத்திரத்தை அவர் கைபேசியிலே கற்றார். அகன்ற தொப்பியணிந்த ஒருவர், வேலியில் சாய்ந்துகொண்டு, அடங்காக் கோழியை அடக்கும் முறைகளை அதில் உபதேசித்தார். கோழியைக் கண்டு விலகாதே. உன் வழியில் கோழி நின்றால் கோழி விலகட்டும். ஓங்கி நின்று உன்னைப் பெரிதாகக் காட்டு. அடங்காவிட்டால் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு உன் வேலையைப் பார். யார் பெரியவர் என்று அதற்குப் புரியவேண்டும். மாஸ்டர் இதைத் திரும்பத்திரும்பப் பார்த்தார். தமக்கும் முதலில் அது புரியவேண்டியிருந்தது.

அப்போது வந்தது அந்தப் பெரிய வேலை. எட்டுப்பேர் கொண்ட இசைக்குழுவின் தலைவர், கிளாரினெட் வாசிப்பவர், தம் குழுவுக்கெல்லாம் கோட்டும் கால்சட்டையும் தைக்கச் சொல்லிவிட்டார். ஓடிப்போன வாடிக்கையெல்லாம் ஒருங்கே திரும்பியதுபோல் வீடு களித்தது. மனைவி மட்டும் களிப்பினூடே கணக்காக யோசித்தாள். அவளுடைய தம்பி, எந்த உயிரையும் எடைபோட்டே பார்க்கும் கண்ணினன், அன்று வாசற்படியில் அமர்ந்திருந்தான்.

"மாமா, இது எத்தன கிலோ தேறும்?" என்றான் முற்றத்தில் உலவிய சூப்பர்வைசரம்மாவைப் பார்த்து.

"உன் அக்காவையே கேளு, அவங்க கையில தூக்கிப் பாத்திருக்காங்க" என்றார் மாஸ்டர், மெஷினிலிருந்து தலை நிமிராமல்.

மனைவி அந்தக் கேலியில் மயங்கவில்லை. அவள் பிறப்பித்த இரண்டாம் ஆணை: "இங்க பாருங்க, ஞாயித்துக்கிழமை மியூசிக் செட்டுக்காரங்க போட்டுப் பாக்க வர்றாங்க. அவங்க கால்ல ஒரு கொத்து விழுந்துச்சுன்னா, அன்னிக்கே இது என் தம்பி கூடைல ஏறிடும். எனக்கும் மனசு கேக்கலதான். அதுக்காக, தச்சுப் போடற கையக் கட்டிக்கிட்டு உக்காரவா?"

தம்பி கூடையைக் கழுவி வெயிலில் வைக்கப் புறப்பட்டான்.

மாஸ்டர் எழுந்தார், வலக்காதின் சாக்பீஸைத் திருத்தினார், வஞ்சினம் மொழிந்தார். "அதுக்குள்ள இவள வழிக்குக் கொண்டுவரலேன்னா, நான் இனிமே கத்தரியத் தொடமாட்டேன். பிளேடுலதான் வெட்டுவேன்!"

முதற்போர் உருப்பெருக்கப் போர். தைத்து முடியாத கோட்டு ஒன்றை எடுத்து, அதன் தோள்களில் பஞ்சுத்திண்டுகளை அடுக்கடுக்காகத் திணித்து, மலைமேல் மலை ஏறியதென்ன, புடைத்த தோளினராய், கண்ணாடிமுன் நின்று தம்மைத் தாமே ஒருமுறை அஞ்சிப் பார்த்துக்கொண்டு, இருகையும் விரித்து, நுனிக்காலில் எழும்பி, மாஸ்டர் களம்புகுந்தார். சூப்பர்வைசரம்மா தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தாள். மறுபுறம் சாய்த்து மறுகண்ணால் பார்த்தாள். பின் எழும்பினாள். மார்பிலே ஒரு கொத்து, விலாவிலே ஒரு கொத்து, இடுப்பிலே ஒரு கொத்து! அதிலும் என்ன நேர்த்தி! மாஸ்டர் கோட்டில் வெட்டுவதற்காகக் கிழித்திருந்த கோடுகளின்மேல், கோடு பிசகாமல், தையல் போட்டதுபோலவே கொத்திக்கொண்டு வந்தாள். பஞ்சுத்திண்டுகள் பறந்தன. களம்விட்டு மீண்ட மாஸ்டர், "தொழில் தெரிஞ்ச எதிரி" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம்போர் அக்குட்சிறைப் போர். தீனி தின்று மயங்கியிருந்த வேளையில் அவளை ஒரே வீச்சில் அள்ளி இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, மாஸ்டர் மெஷினில் அமர்ந்து மிதிக்கலானார். அம்மம்ம, என்ன அமைதி! ஊஞ்சலாடிய பழைய நாட்களின் தாளம் காதில் விழுந்ததோ என்னவோ, பகைவி கண்செருகினாள், கழுத்தைச் சுருக்கினாள், தொண்டைக்குள் ஏதோ முனகினாள். மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, அடங்கிட்டா!" என்று அடுத்த மெஷின் பக்கம் அவர் தலையைத் திருப்பியதுதான் தாமதம், வலக்காது அலகுக்கு வாகாக வந்தது. நறுக்கென்று ஒரு கொத்து! மாஸ்டர் விட்ட கூச்சலில் தெருவில் சைக்கிளில் போனவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்.

காதில் குருதி கசிந்தது. காதிலிருந்த சாக்பீஸையும் காணோம். எங்கோ விழுந்திருக்குமென்று மாஸ்டர் வேறொன்றை எடுத்துச் சூடிக்கொண்டார். ஆனால் வியப்பினும் வியப்பு! அன்று பொழுதெல்லாம் சூப்பர்வைசரம்மா யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை; சாந்தமே உருவாய்க் கூண்டின்மேல் அமர்ந்து அலகைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"முறை பலிச்சிடுச்சு!" என்று முழங்கினார் மாஸ்டர்.

"காது கிழிஞ்சிருக்கு, பலிச்சிடுச்சாம்" என்றாள் மனைவி, பஞ்சில் மருந்தை நனைத்துக்கொண்டே. "பேசாம ஞாயித்துக்கிழமை கூண்டுல போட்டுப் பூட்டிடுங்க."

"பூட்டினா அது பயந்ததா ஆகாது. நான் பயந்ததா ஆகும்!"

வரலாற்றில் நாடுகள் பலவற்றை வீழ்த்திய வாக்கியம் இது.

ஞாயிறு விடிந்தது. எழுந்தது எண்பெரும் வாத்தியப் படை! கிளாரினெட் முன்வர, எக்காளங்கள் இரண்டு பின்வர, இழுத்து நீட்டும் நெடுங்குழலுடையான் ஒருவன், சாக்ஸபோனைக் கைக்குழந்தைபோல் ஏந்திய ஒருவன், பக்கவாட்டில் நடந்தே வாசலுக்குள் நுழையவேண்டிய பெருமுரசுடையான் ஒருவன், சிறுமுரசு ஒருவன், பித்தளைத் தட்டுக்காரன் ஒருவன் என அனைவரும் ஒத்திகையிலிருந்து நேரே வந்து, முன்னறையில் புதுக்கால்சட்டை மாற்றி, முற்றத்தில் வரிசையாக நின்றனர். இங்கே போர்வல்லோர் ஒன்று கருதவேண்டும். காஜா இன்னும் எடுக்கப்படவில்லை. பட்டன் இல்லை, கொக்கி இல்லை. ஆகவே எட்டுப்பேரும் இடுப்பை ஒருகையால் பிடித்துக்கொண்டு நின்றனர். அதாவது களத்திலே இருந்தது ஒற்றைக்கைப் படை.

மாஸ்டர் மண்டியிட்டு வரிசையின் தொடக்கத்திலிருந்து கடைசிவரை தவழ்ந்தே சென்று, ஒவ்வொரு காலிலும் கோடு கிழித்தார். கருநீலத் துணியில் பளீரென்ற வெள்ளைக் கோடுகள், இருட்கடலில் அலைநுரை வரிசையாக வந்து நின்றதென்ன, நின்றன.

கூண்டின்மேல் ஒரு கொண்டை நிமிர்ந்தது.

பிறகு நிகழ்ந்ததை ஆயிரம் நா இருந்தாலும் ஒருங்கே சொல்லவியலாது. ஒரு நாவால் முயல்கிறேன். மதங்கொண்ட களிறு வாழைத்தோட்டம் புகுந்ததெனச் சூப்பர்வைசரம்மா வரிசைக்குள் புகுந்தாள். இடப்புறம் கறுப்பி, வலப்புறம் வெள்ளச்சி. கொத்து விழுந்த எக்காளன் எதிர்பாராமல் எக்காளத்தில் ஊத, அந்த ஓசை மேல்மாடிக்காரரின் குழந்தையை எழுப்ப, நெடுங்குழலான் அஞ்சிக் குழலை இழுத்து நீட்ட, அது தட்டுக்காரனின் முதுகில் இடிக்க, அவன் தட்டுகளை ஓங்கி அடித்துக் கோழிகளை வெருட்ட எண்ணி இருகையையும் உயர்த்த, ஐயகோ, அவனுடைய கால்சட்டை முழங்காலுக்கு இறங்கிற்று! பெருமுரசுடையான் முரசைத் தரையில் இட்டு அதன்மேல் ஏறினான். அதைக் கண்ட சிறுமுரசும் ஏறினான். அதைக் கண்ட சாக்ஸபோனும் ஏற, முரசு "டம்" என்று தன் கடைசிக் கருத்தைச் சொல்லிவிட்டு உள்வாங்கியது. களத்திலே பகைவர் குடரை மாலையாகச் சூடிக் கூத்தாடும் பேய்மகள் என, இன்ச் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட கறுப்பி முற்றமெங்கும் ஓடினாள்.

"மாஸ்டர்! கோட்டு வேணாம், பேன்ட்டு வேணாம், எங்க பழைய துணியக் குடுங்க, போயிடறோம்!" என்று கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கதறினார் கிளாரினெட்.

அப்போது கதவருகே தம்பி தோன்றினான். கையில், வெயிலில் காய்ந்த கூடை.

"அக்கா, எடுத்துக்கவா?"

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பியதே ஆணை. தம்பி கூடையை விரித்துக்கொண்டு குனிந்து குனிந்து முன்னேறினான். சூப்பர்வைசரம்மாவோ ஒரு கால்சட்டையை விடாப்பிடியாகப் பற்றியிருந்தபடியால் பின்னால் வரும் கூடையைக் காணவில்லை.

மாஸ்டர் கண்டார். குண்டூசி நிறைந்த அவ்வாய் முதன்முறையாக வெறுமையாயிற்று. ஊசிகளைக் கையில் துப்பிவிட்டார். தொப்பிக்காரர் சொன்ன முறை ஒன்றும் அவர் நினைவில் வரவில்லை. தோளில் திண்டில்லை, கையில் தடியில்லை, உடம்பைப் பெரிதாக்கும் எண்ணமும் இல்லை. உள்ளபடியே இருந்த மெலிந்த உடம்போடு, கோழிக்கும் கூடைக்கும் நடுவே போய் நின்றார்.

"கூடைய வை கீழ."

"மாமா, நீங்கதான அக்காவையே கேக்கச் சொன்னீங்க..."

"சொன்னேன். இப்ப வேற சொல்றேன். வை கீழ."

பின்னர்ப் பகைவியை நோக்கித் திரும்பினார். "அடியே, உன்னால எனக்குப் பொழப்பு போச்சு. போனாப் போகுது. போதும், நிறுத்து."

அவள் நிமிர்ந்தாள். அவரை நோக்கினாள். குறிப்பாக அவர் தலையின் வலப்பக்கத்தை நோக்கினாள். பாய்ந்தாள்! காதை நோக்கி எழும்பிய அவ்வலகு கண்டு மாஸ்டர் தலையைச் சாய்த்தார். சாய்த்த வேகத்தில் காதிலிருந்து ஏதோ நழுவி அவர் காலடியில் வீழ்ந்தது. வானத்திலிருந்து இறங்கிய சூப்பர்வைசரம்மா, அந்தோ, என் எண்ணெய்ப் புட்டியே, இன்னொரு சொட்டு விடு! மாஸ்டரின் இரு பாதங்களுக்கிடையே தலையைத் தாழ்த்தினாள். மீண்டும் தாழ்த்தினாள். மீண்டும் மீண்டும் தாழ்த்தினாள். தலைவி தாழ்த்தக் கண்ட கறுப்பியும் வெள்ளச்சியும் ஓடிவந்து தாங்களும் தாழ்த்தினர்.

"மாஸ்டர்..." என்றார் கிளாரினெட், கண்ணாடியிலிருந்து மெல்லப் பிரிந்து. "காலத் தொட்டுக் கும்பிடுது மாஸ்டர்!"

எட்டுப்பேரும் பார்த்தார்கள். எட்டுப்பேரும் வியந்தார்கள். கைதட்ட முனைந்த இருவர் தக்க சமயத்தில் கால்சட்டையை நினைத்துக்கொண்டார்கள்.

"எங்க வீட்ல ஒரு நாய் இருக்கு மாஸ்டர், யார் சொன்னாலும் கேக்காது. நீங்க ஒருவாட்டி வந்து சும்மா நின்னுட்டுப் போங்க, போதும்" என்றார் கிளாரினெட். "ஆர்டர் உங்களுக்குத்தான். இப்படிப்பட்ட கை தச்ச துணியில்ல போடணும்!"

"முரசு?" என்றான் பெருமுரசுடையான், ஈனக்குரலில்.

"சும்மா இருடா, அது ஏற்கெனவே நைஞ்சுபோயிருந்தது" என்றார் கிளாரினெட்.

"அப்ப கூடை?" என்றான் தம்பி.

"வந்ததுக்கு ரெண்டு கத்தரிக்காய் போட்டுத் தர்றேன், எடுத்துட்டுப் போ" என்றாள் மனைவி. அவள் கண்கள் கணவரின் காலடியில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தன.

எழுந்தது வெற்றி முழக்கம்! எக்காளம் இரண்டும் ஆர்க்க, நெடுங்குழல் முழங்க, உள்வாங்கிய முரசு தன்னால் இயன்றதை ஒலிக்க, எட்டு வீரரும் ஒருகையால் இடுப்பையும் மறுகையால் வாத்தியத்தையும் ஏந்தி வலம்வர, கோழியடக்கிய கோமான், அலகழித்த அண்ணல், பார்வையொன்றால் பகைமுடித்த பெருந்தையல் வேந்தன் என்று பட்டங்கள் பொழிய, மரப்பலகையின்மேல் ஏறிநின்ற மாஸ்டர், கிழிந்த காது ஒளிவீச, ஆளுயரக் கண்ணாடியில் தம் திருவுருவைக் கண்டு தாமே கண்கூசி, "கோழின்னா என்ன, மனுஷன்னா என்ன, யார் பெரியவங்கன்னு ஒருவாட்டி புரியவெச்சுட்டா போதும், அப்புறம்..." என்று பேருரை தொடங்கி, அதன் நடுவே, மனைவி குனிந்து சூப்பர்வைசரம்மாவின் அலகிலிருந்து பாதி தின்ற வெள்ளைத் துண்டொன்றைப் பிடுங்கிப் பார்த்ததையோ, விறுவிறுவென்று உள்ளே போய் முட்டை ஓடுகளை அம்மியில் நொறுக்கி ஒரு பழைய பட்டன் டப்பா மூடியில் கொட்டிக் கொண்டுவந்து வைத்ததையோ, கூடவே ஒரு புதுக் குளியல் சோப்பைக் கணவரின் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனதையோ, மூன்று தலைகளும் அந்த மூடிக்குள் கவிழ்ந்து எழுப்பிய நறநற ஒலியையோ சற்றும் அறியாராய், வெற்றியின் தத்துவத்தை மேலும் மேலும் விரித்துச் சென்றார்.

கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து பத்தவில்லை.